உப்புக் கிணறும் பந்தல் அவரையும்

கேள்வி: ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டிய கிராமம் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் இருக்கிறது. நானும் மருமகளும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறோம். காலையில் வேன் வருவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவேன். போன வருடம் ஆடியில் பந்தல் அவரை போட்டேன். மழைக் காலத்தில் கொடி நன்றாக ஏறியது. மார்கழி பிறந்த பிறகு இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி ஆகிவிட்டது. பூ எடுத்தது, பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. தை, மாசி இரண்டு மாதமும் சேர்த்து நான்கு கிலோ காய்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் போர் தண்ணீர் கரிக்கும். "இந்த மண்ணில் இனி ஒன்றும் வராது, விட்டுவிடு" என்கிறார் வீட்டுக்காரர். விடத்தான் வேண்டுமா, அய்யா?
(வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்)

பதில்: விட வேண்டாம், சகோதரி. ஆனால் போன வருடம் செய்ததை அப்படியே இந்த வருடமும் செய்தால் அதே நான்கு கிலோதான் வரும். உங்களுக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மழைக் காலத்தில் கொடி நன்றாக ஏறியது என்கிறீர்கள். மழை நின்று, போர் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் இலை தீய்ந்திருக்கிறது. விதையும் மண்ணும் ஓரளவு சரியாக இருந்ததால்தான் கொடி பந்தல் வரை ஏறியது. சந்தேகப்பட வேண்டியது முதலில் தண்ணீரை.

இருந்தாலும், ஓரம் தீய்ந்த இலை எல்லாமே உப்பால் வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாம்பல் சத்து குறைந்தாலும் அடி இலைகளின் ஓரம் காயும். வேர் வறண்டாலும் காயும். பூ கொட்டுவதற்கு அசுவினி காரணமாக இருக்கலாம். தழைச்சத்து அதிகமாகிக் கொடி மட்டும் தழைத்ததும் காரணமாக இருக்கலாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு குழியில் கொடி இருந்தால், ஒரு குழிக்கு மட்டும் பதினைந்து நாள் மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ ஊற்றுங்கள். மற்றதற்கு வழக்கம்போல் போர் தண்ணீர். தீய்ந்த பழைய இலை திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்க்க வேண்டாம். புதிதாக விட்ட இலையைப் பாருங்கள். நல்ல தண்ணீர் குடித்த கொடியில் மட்டும் துளிர் சுத்தமாக வந்தால், குற்றம் தண்ணீரில்தான்.

உப்பு செடியை என்ன செய்கிறது?

மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. ஊறுகாய் ஜாடியில் போட்ட மாங்காய் சுருங்குவது போலத்தான். பக்கத்தில் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தில் நிற்கும். அதற்கு மேல், வேர் வழியாக ஏறும் சோடியமும் குளோரைடும் இலையின் ஓரத்தில் போய்ச் சேர்ந்து அந்த இடத்தைக் கருக்கிவிடும். சோடியம் அதிகமானால் மண்ணே கெட்டுவிடும். நனைந்தால் சேறாகும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது.

நம் பகுதியில் இது எப்படி வந்தது என்பது ஊரறிந்த கதை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு தூவி வைக்கிறார்கள். டேனரியில் அந்தத் தோலை ஊறவைத்துக் கழுவும்போது உப்பு முழுவதும் கழிவுநீரில் வந்துவிடுகிறது. பல பத்தாண்டுகள் அந்த நீர் பாலாற்றிலும் ஏரிகளிலும் திறந்த வெளியிலும் விடப்பட்டு நிலத்தடியில் இறங்கியது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்பில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு குறிப்பிடப்பட்டிருக்கிறது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம், பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாததாகிவிட்டது என்பதுதான் அந்தக் கணக்கு. மாசு செய்தவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் நிலத்தடியில் ஒருமுறை இறங்கிய உப்பு சீக்கிரம் போகாது.

எல்லாக் கிணற்று உப்புக்கும் தோல் தொழில்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆழமான போர்களில் பாறையிலிருந்தே உப்பு கரைந்து வருவதுண்டு. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில்கூடத் தண்ணீர் வேறுபடும். ஆகவே ஊர்ப் பேச்சை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் கிணற்றை அளந்து பார்க்க வேண்டும்.

நாக்கை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்

நாக்குக்குக் கரிக்காத தண்ணீர்கூடப் பீன்ஸ் இனத்துக்கு அதிகமாக இருக்கலாம். மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் மின்கடத்தும் திறன், கார அமில நிலை, சோடியம் ஆகியவற்றைச் சொல்வார்கள். எங்கே கொடுப்பது என்று உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். வேலூர்ப் பக்கத்தினர் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

தண்ணீர் எடுக்கும் முறை முக்கியம். போரில் மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். எண்ணெய், குளிர்பானம் இருந்த பாட்டில் வேண்டாம். பெயர், ஊர், தேதி, போரின் ஆழம் எழுதி ஒட்டி, தாமதிக்காமல் அன்றோ மறுநாளோ கொண்டுபோய்க் கொடுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை எடுத்தால் உங்கள் கிணற்றின் குணம் முழுவதும் தெரிந்துவிடும்.

அறிக்கை வந்ததும் மின்கடத்தும் திறனைப் பாருங்கள். டெசிசைமன்ஸ் என்ற அளவில் இருக்கும். உலக உணவு வேளாண்மை நிறுவனம் பாசன நீருக்கு வெளியிட்டுள்ள அட்டவணைப்படி, பீன்ஸுக்கு 0.7 வரை உள்ள தண்ணீரால் மகசூல் குறையாது. 1.0 ஆனால் பத்தில் ஒரு பங்கு போகும். 1.5 ஆனால் கால் பங்கு போகும். 2.4 ஆனால் பாதி போய்விடும். அவரைக்கும் இதையே எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொள்வது நல்லது. காராமணி இதைவிட நன்றாகத் தாங்கும், 3.3 வரை அதற்குச் சேதமில்லை. கொத்தவரை உப்பைத் தாங்குவதில் இன்னும் உறுதியானது. எனவே கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

0.7க்குள் இருந்தால்: அவரை, பீன்ஸ் எதையும் பயமில்லாமல் போடலாம்.

0.7 முதல் 1.5 வரை: அவரை போடலாம். மழைத் தண்ணீரைக் கலந்து ஊற்ற வேண்டும்.

1.5 முதல் 3 வரை: போர் தண்ணீருக்குக் காராமணியும் கொத்தவரையும். அவரை வேண்டுமென்றால் மழைத் தண்ணீரை நம்பி ஒரு பந்தல் மட்டும்.

3க்கு மேல்: சோடியம் அளவையும் அதிகாரியிடம் காட்டிக் கேட்காமல் அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விட வேண்டாம். மழைக் காலத்துப் பயிரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில வீடுகளில் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பீர்கள். அதில் ஏறத்தாழ 450 என்பது 0.7க்குச் சமம்; 950 என்பது 1.5க்குச் சமம், 1,900 என்பது 3க்குச் சமம். விலை குறைந்த மீட்டர்கள் சற்றுக் குறைத்துக் காட்டும். அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, பரிசோதனை நிலைய அறிக்கையை நம்புங்கள்.

அவரைக்கு எவ்வளவு நல்ல தண்ணீர் வேண்டும்?

வீட்டுக்காரர் கைவிடச் சொன்னதற்கு என்னுடைய பதில் இந்தக் கணக்குத்தான். நம் ஊர்ப் பந்தல் அவரை, பகல் பொழுது குறையும்போது பூக்கும் குணமுள்ளது. ஆடியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசியில் கொடி ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கத் தொடங்கி, மார்கழி முதல் மாசி வரை காய்க்கும். நம் மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்குப் பருவத்திலும் உண்டு. கொடி வளரும் காலம் முழுவதும் வானம்தான் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுகிறது. நாம் ஊற்ற வேண்டியது மழை நின்ற பிறகு, காய் பறிக்கும் ஏறத்தாழ 70 நாளைக்கு மட்டும்.

எட்டுக்கு எட்டு அடி பந்தல் ஒன்று, அதன் கீழ் இரண்டு குழி என்று வையுங்கள். நன்றாக மூடாக்குப் போட்டிருந்தால், ஒரு குழிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம், அதாவது 15 லிட்டர் போதும். இரண்டு குழிக்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சராசரியாக 15 லிட்டர். 70 நாளைக்கு 1,050 லிட்டர். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நிறைந்தால் வேலை முடிந்தது.

அந்தத் தொட்டியை நிரப்ப எவ்வளவு மழை வேண்டும்? 200 சதுர அடி ஓட்டுக் கூரையோ தளமோ இருந்தால், 25 மில்லிமீட்டர் மழையில் 460 லிட்டர் விழும். சிதறியது போக 370 லிட்டர் பிடிக்கலாம். அப்படி மூன்று நல்ல மழை பெய்தால் தொட்டி நிறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அதற்குப் பல மடங்கு பெய்கிறது. கூரை ஓரத்தில் ஒரு பி.வி.சி. தகரவாரம், ஒரு குழாய், ஒரு தொட்டி இருந்தால் போதும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். குழாய் வாயில் துணி கட்டுங்கள். தொட்டியை மூடியே வையுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

போர் தண்ணீர் 2.0 இருந்தால், பாதிக்குப் பாதி மழைத் தண்ணீர் கலந்தால் 1.0 ஆகிவிடும். அப்போது அதே தொட்டி இரண்டு பந்தலுக்கு வரும். மகசூலில் பத்தில் ஒன்று குறையலாம், பரவாயில்லை.

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். சோப்புத் தூள் கலந்த தண்ணீர் வேண்டாம், அதில் சோடியம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று பல வீடுகளில் குழாயைத் தோட்டத்தில் விட்டிருக்கிறார்கள். மெஷின் நமக்குக் கொடுத்த தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அந்தக் கழிவுத் தண்ணீரில் இருக்கிறது. மூன்று குடம் உள்ளே போய் ஒரு குடம் குடிக்க வந்தால், மீதி இரண்டு குடத்தில் உப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். வாசல் கழுவ, கழிவறைக்கு ஊற்ற அதை வைத்துக்கொள்ளுங்கள்.

குழியும் விதையும்

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ஒரு வாரம் ஆறப்போடுங்கள். மேல்மண்ணோடு பத்து கிலோ மக்கிய தொழு உரம், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். மக்காத கோழி எருவில் உப்பு அதிகம். நம் மண்ணுக்கு வேண்டாம். வேரடியில் அடுப்புச் சாம்பலைக் குவிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அது களர் மண்ணில் காரத்தைக் கூட்டும்.

மண் மிகவும் கெட்டிருந்தால் வண்டல் மண் கொண்டுவந்து குழியை நிரப்பலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். கழிவுநீர் வந்து சேர்ந்த ஏரியின் வண்டலை எடுக்காதீர்கள். ஜவ்வாது மலை, ஏலகிரி அடிவாரத்து ஓடைகளிலிருந்து நீர் வரும் ஏரி வண்டல் நல்லது. ஜவ்வு, மயிர், சுண்ணாம்புச் சகதி, சுத்திகரிப்புக் கசடு என்று டேனரியிலிருந்து வரும் எதையும் இலவசம் என்பதற்காக எருவாகப் போடாதீர்கள். அதில் உப்போடு குரோமியமும் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட கழிவு முன்பு கொட்டப்பட்ட இடம் உங்களுடையது என்றால், மண்ணைப் பரிசோதிக்காமல் அங்கே உண்ணும் பயிர் எதுவும் வேண்டாம்.

ஆடி முதல் மழை நனைத்ததும் விதையுங்கள். பல பயிர்களுக்கு முளைக்கும் பருவத்தில் உப்பு கெடுதல் செய்யும். ஆறிய கஞ்சியில் ஒரு ஸ்பூன் ரைசோபியம் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே போடுங்கள். குழிக்கு நான்கு விதை; முளைத்ததும் நல்ல இரண்டு கன்றை மட்டும் விடுங்கள்.

எந்த ரகம் என்று கேட்பீர்கள். பந்தலுக்கு ஊரில் தை மாதம் காய்க்கும் கொடியின் விதையே போதும். பந்தல் போட இடமில்லாதவர்கள் குத்து அவரை போடலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 14, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் ஆகியவை பகல் நீளத்தைப் பார்க்காமல் எந்தப் பட்டத்திலும் பூக்கும். ஆனால் கோடையில் போட்டால் தண்ணீர் முழுவதும் நீங்கள்தான் ஊற்ற வேண்டும். உப்புக் கிணற்றுக்காரர்களுக்கு ஆடிப் பட்டம்தான் துணை.

தண்ணீர் ஊற்றும் முறை

நாலு பேர் செய்வதைப்போலத் தினமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காதீர்கள். மேல்மண் மட்டும் நனைந்து, காயும்போது உப்பு மேலே ஏறி வெள்ளையாகப் படியும். இடைவெளி விட்டு, ஊற்றும்போது வேர் வரை இறங்கும்படி ஊற்றுங்கள். இலைமேல் போர் தண்ணீர் படக் கூடாது. வேரைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்கு வைக்கோல், காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள். வெயிலில் ஈரம் பறந்தால் உப்பு மட்டும் மண்ணில் மிஞ்சும். மூடாக்கு அதைத் தடுக்கும். வேலைக்குப் போகும் உங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுவது காலைநேர அவசரத்தையும் குறைக்கும்.

மழைக் காலத்தில் இடத்தைச் சுற்றிச் சிறு வரப்புக் கட்டி மழைத் தண்ணீரை நிறுத்துங்கள். தேங்கி மெல்ல இறங்கும் மழைத் தண்ணீர்தான் போன வருட உப்பை வேருக்குக் கீழே கொண்டுபோகும். அவரைக் குழியைச் சுற்றி மட்டும் தேங்க விடாதீர்கள், வேர் அழுகும். ஜிப்சம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அறிக்கையில் சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும், அதில் சொன்ன அளவு போடுங்கள். வெறும் உப்பு நிலத்துக்கு ஜிப்சம் பயன்படாது. அங்கே மழைத் தண்ணீரால் கழுவுவதுதான் மருந்து.

பறிப்பதிலும் ஒரு கவனம்

விதை புடைக்கும் முன், காய் பிஞ்சும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் இருக்கும்போது பறிக்க வேண்டும். மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை பறியுங்கள். முற்றவிட்டால் கொடி தன் சத்தையெல்லாம் விதைக்கு அனுப்பிவிட்டுப் புதுப் பூ எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். பறிக்கும்போது கொத்தோடு இழுக்காதீர்கள். பூங்கொத்தின் நுனியில் இன்னும் பூ வந்துகொண்டிருக்கும். காயின் காம்பை மட்டும் நகத்தால் கிள்ளி எடுத்தால் அதே கொத்தில் அடுத்த வாரமும் காய் உண்டு.

அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் இடித்த வேப்பம் பருப்பை இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்து மாலையில் துளிரின் அடியில் படும்படி தெளியுங்கள். புழு பின்னிய பூங்கொத்தைக் கையால் எடுத்து அழியுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை பறித்துச் சமைக்கும் காயில் கடை விஷ மருந்து வேண்டாம்.

விதைக்கு, நன்றாகக் காய்த்த கொடியில் நடுப் பறிப்பில் பத்து காயை நூல் கட்டி விட்டுவிடுங்கள். உங்கள் தண்ணீரில் தாக்குப்பிடித்துக் காய்த்த கொடியின் விதையை வருடா வருடம் எடுத்து வைப்பது நல்ல வழக்கம்.

அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்

ஒரு வார்த்தை தோட்டத்துக்கு வெளியே. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து ஒரு தீர்ப்பு கொடுத்திருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தருவது பற்றியும் நிலைமையைத் தொடர்ந்து கண்காணிப்பது பற்றியும் அதில் உத்தரவுகள் உண்டு. இதே தோல் தொழில்தான் உங்கள் வீட்டில் இருவருக்குச் சம்பளமும் தருகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் கிணற்றின் நிலை பற்றிப் பேசக் கூடாது என்றில்லை. தேதியும் அளவும் உள்ள நீர், மண் அறிக்கைகளைக் கிழித்துப் போடாமல் பட்டாவோடு சேர்த்து வையுங்கள். எந்த அலுவலகத்தில் நின்றாலும், "தண்ணீர் கரிக்கிறது" என்ற சொல்லைவிட ஐந்து வருட அறிக்கைகளுக்கு மதிப்பு அதிகம்.

இன்னும் இரண்டு கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், சிவப்புப் பூப் பூக்கும் "ரன்னர் பீன்ஸ்" விதை கொண்டுவந்தான். வாணியம்பாடியில் வருமா?

பதில்: முளைக்கும், கொடியும் ஓடும், காய் பிடிப்பதுதான் கஷ்டம். அது மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைப்பகுதிகளைச் சேர்ந்த பயிர். குளிர்ந்த இடம் கேட்கும். நம் சமவெளி வெப்பத்தில் பூ உதிர்ந்துவிடும். ஏலகிரியில் உறவினர் இருந்தால் அவர்களிடம் பாதி விதையைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே காய்க்கும் வாய்ப்பு அதிகம். கீழே அந்த இடத்தை நம் பந்தல் அவரைதான் நிரப்பும். அந்தப் பீன்ஸைப் பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக வேகவைக்க வேண்டும்.

கேள்வி: முற்றிய அவரை விதையைச் சமைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் காய்ந்த விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவிடுங்கள். வெந்த முதல் தண்ணீரையும் வடித்துவிடுவது நல்லது. பிறகு கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வையுங்கள்.

இந்தப் பதினைந்து நாள் வேலை: மழைக்கு முந்தைய தண்ணீரை ஒரு லிட்டர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குழி எடுத்து ஆறப்போடுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் தொட்டிக்கு மேடை கட்டுங்கள். ஆர்.ஓ. குழாய் தோட்டத்தில் விழுந்தால் இன்றே திருப்பிவிடுங்கள். ஆம்பூர்ச் சகோதரி, அறிக்கை வந்ததும் அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். அவரையா, காராமணியா, கொத்தவரையா என்பதை அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வோம்.